மெழுகுக் கோல வாழ்த்து அட்டை: செய்முறையும் கணக்கும்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் மூன்று குழுக்களில் இருந்து ஒரே கேள்வி வந்தது. "வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக் குடுங்க, வீட்டுலயே உக்காந்து செய்யலாம்னு சொல்றாங்களே" என்று கேட்டீர்கள். சொல்லித் தருகிறோம். ஆனால் செய்முறையோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. இந்த அட்டையில் நாங்களும் ஒரு குழுவும் சேர்ந்து ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டோம். சுட்டது மெழுகு இல்லை, கணக்கு. அந்தக் கதையும் கடைசியில் வருகிறது. செய்முறையைப் படித்துவிட்டு அதை விட்டுவிடாதீர்கள்.

பொதுவாக நாங்கள் எந்தப் பயிற்சி என்று சொன்னாலும், "எனக்கு டிராயிங் எல்லாம் வராதுங்க" என்று பாதிப் பேர் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதே அக்கா காலையில் வாசலில் பதினைந்து புள்ளி வைத்து, ஒரு கம்பியும் தப்பாமல் சிக்குக் கோலம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறி வந்திருப்பார். இந்த வேலைக்குத் தேவையான கை அதுதான்.

மெழுகு என்ன வேலை செய்கிறது?

தாமரை இலையில் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். சேம்பு இலையிலும் அப்படித்தான். அந்த இலைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. அதனால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை. காகிதத்தில் நாம் செய்யப் போவதும் இதேதான். எந்த இடத்தில் மெழுகு தேய்க்கிறோமோ அந்த இடத்தில் தண்ணீரில் கரைத்த வண்ணம் ஒட்டாது. மற்ற இடமெல்லாம் வண்ணம் ஏறும். மெழுகு இருந்த கோடு வெள்ளையாகவே நின்றுவிடும். சாணி தெளித்த வாசலில் மாக்கோலம் எடுப்பாகத் தெரிகிற மாதிரி, வண்ணத்துக்கு நடுவே கோடு தெரியும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சின்னாளப்பட்டியிலும் மதுரையிலும் சுங்குடிச் சேலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்பு சுங்குடி என்றாலே துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவதுதான். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இப்போது மெழுகு அச்சு வைத்து, சாயம் ஏற்றி, பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்துவிடும் சேலைகளும் நிறைய வருகின்றன. மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜாவா தீவில் இதே முறையைத்தான் பாத்திக் என்கிறார்கள். இந்தோனேசியாவின் பாத்திக் கலையை 2009இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சென்னைக்குத் தெற்கே 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டலம் கிராமத்தைத் தொடங்கியபோது, படம் விற்றுப் பிழைக்க முடியாத நிலையில் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய ஓவியர்களுக்கே அது பக்கத் தொழிலாகத்தான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வாங்க வேண்டியவை

முதல் நாளுக்கு அதிகம் வேண்டாம். வீட்டில் கரன்ட் போனால் ஏற்றுகிற வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று. பிள்ளைகள் பையில் இருக்கும் கிரேயான் டப்பாவில் வெள்ளைக் குச்சி எப்போதும் தேயாமல் கிடக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் கலர் வில்லை ஒரு பெட்டி, அகலமான பிரஷ் ஒன்று, இரண்டு பழைய கிண்ணம், துடைக்கப் பழைய வேட்டித் துணி.

காகிதத்தில்தான் கவனம் வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஆகாது. வண்ணத் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கொஞ்சம் கனமான வரைதாள் கேளுங்கள். கடையில் ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது அது. 200 முதல் 220 வரை இருந்தால் நமக்குப் போதும். பளபளப்பான அட்டை வாங்காதீர்கள், அதில் வண்ணமே ஏறாது. கையால் செய்த காகிதம் பார்க்க அழகாக இருக்கும், விலையும் கிடைக்கும். ஆனால் சில வகையில் வண்ணம் மைத்தாளில் ஊறுகிற மாதிரி பரவி, மெழுகுக் கோட்டுக்கு அடியிலும் புகுந்துவிடும். எனவே ஒரு தாள் வாங்கிச் சோதித்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

வண்ணமும் தண்ணியாக இருக்க வேண்டும். போஸ்டர் கலரைக் கெட்டியாக அடித்தால் மெழுகையும் மூடிவிடும், கோடு தெரியாது. டீத்தூளைக் கொதிக்க வைத்துக் கெட்டி டிகாக்ஷனாக எடுத்தால் நல்ல செம்மண் நிறம் வரும், காசும் மிச்சம். மஞ்சள்தூள் வேண்டாம். வெயில் பட்டால் ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். சுண்ணாம்போ சோப்போ பட்டால் ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்துவிடும். பேனா மை சிலது அழகாக ஏறும், ஆனால் அதுவும் வெளிச்சத்தில் மங்கும்.

முதல் அட்டை

மெழுகுவர்த்தியின் ஒரு முனையைப் பிளேடால் பென்சில் மாதிரிச் சீவிக்கொள்ளுங்கள். தாளைக் கெட்டியான பலகை மேல் வைத்து அழுத்திக் கோடு போடுங்கள். மெதுவாகத் தேய்த்தால் மெழுகு திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும், அந்த இடைவெளியில் வண்ணம் புகுந்துவிடும். மார்கழிக் குளிரில் மெழுகுவர்த்தி கல் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து பிறகு போடுங்கள். கிரேயான் இதைவிட மிருதுவாக ஒட்டும்.

எல்லோருக்கும் வருகிற கஷ்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகால் போட்டால் போட்ட கோடு கண்ணுக்குத் தெரியாது. பென்சிலில் கோலத்தை வரைந்துவிட்டு மேலே மெழுகு போடலாமே என்று தோன்றும். போட்டால் பென்சில் கோடு மெழுகுக்குள் மாட்டிக்கொள்ளும், எந்த ரப்பராலும் அழியாது. வெள்ளைக் கோடு அழுக்குக் கோடாகத் தெரியும். அதற்குப் பதிலாகப் புள்ளியை மட்டும் மெழுகிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். மெழுகு பட்ட இடம் மினுக்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே கம்பியை இழுக்கலாம். நேர்ப்புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இரண்டாவது அட்டையிலேயே வந்துவிடுகிறது. எங்களுக்கு நாலைந்து அட்டை கெட்டது.

கோடு முடிந்ததும் பிரஷை வண்ணத்தில் நனைத்து ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுங்கள். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகாதீர்கள். கோலம் தானாக எழுந்து வரும். பயிற்சியில் இந்த இடத்தில் எப்போதும் ஒரு சத்தம் கேட்கும், எங்களுக்குப் பிடித்த சத்தம் அது. மெழுகின் மேல் முத்து முத்தாக நிற்கும் வண்ணத்தைத் துணி நுனியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. நிழலில் காய விடுங்கள். காய்ந்த பிறகு தடித்த புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் நெளிவு போய்விடும். இந்த முறையில் அடுப்பு வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டும் செய்யலாம்.

இரண்டு மூன்று நிறம் வேண்டும் என்றால்

வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு போட்டு, தாள் முழுவதும் மஞ்சள் பூசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் எந்த இடம் மஞ்சளாகவே இருக்க வேண்டுமோ அங்கே மெழுகு போடுங்கள். இப்போது நீலம் பூசினால் மற்ற இடமெல்லாம் பச்சையாகும். ஆக ஒரு அட்டையில் வெள்ளை, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் கிடைக்கும், வாங்கியது இரண்டு வண்ணம்தான். நீலத்துக்குப் பதில் சிவப்பு பூசினால் ஆரஞ்சு வரும். ஈரம் காயும் முன் மெழுகு போட்டால் ஒட்டாது. அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம் இதுதான்.

பாத்திக் சேலையில் ஓடுகிற மெல்லிய வெடிப்புக் கோடு அட்டையிலும் வேண்டும் என்றால், தாளின் ஒரு பகுதியை முழுவதுமாகக் கிரேயானால் அழுத்தித் தேய்த்து, அதைக் கையில் கசக்கி விரித்து, அடர்ந்த வண்ணத்தை மேலே பூசித் துடைத்துவிடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் வண்ணம் உட்கார்ந்து நரம்பு நரம்பாகத் தெரியும். இதற்குக் கொஞ்சம் மெல்லிய தாள் நல்லது. அதை வெட்டி அட்டை மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

உருக்கிய மெழுகும் அச்சு முறுக்கு அச்சும்

கைக்கோலம் ஒவ்வொன்றாகப் போட நேரமாகும். ஒரே பூ நூறு அட்டையில் வேண்டும் என்றால் அச்சு வேண்டும். ஜாவாவில் செம்பில் செய்த அச்சை உருக்கிய மெழுகில் முக்கித் துணியில் ஒற்றுவார்கள். அச்சு முறுக்கு சுடும் பூ அச்சு நம் வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதுவும் அதே மாதிரி உலோகம்தான். விளிம்பு மட்டும் மெழுகில் படும்படி முக்கி, ஒரு உதறு உதறி, தாளில் ஒற்றினால் அழகான பூ விழும். கைப்பிடி இருப்பதால் சுடாது. ஆனால் ஒரு முறை மெழுகில் போட்ட அச்சை மறுபடி எண்ணெய்ச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். தனியாக வைத்துவிடுங்கள்.

மெழுகு உருக்குவதில் ஒரு விதியை மட்டும் யாரும் மீறக் கூடாது. மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகு டப்பாவை இறக்கி வையுங்கள். மெழுகுவர்த்தி மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் உள்ளே இருக்கும் மெழுகும் அதைத் தாண்டாது. நேரடியாகத் தீயில் வைத்த மெழுகோ சூடு ஏறிக்கொண்டே போய், 200 டிகிரி பக்கம் வந்தால் அதில் இருந்து கிளம்பும் ஆவியே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்ச் சட்டி மாதிரி தீப்பந்து எழும்பி முகத்தில் அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடி, பாத்திரத்தை நகர்த்தாமல் விடுங்கள். வெளிப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நைலக்ஸ் சேலை வேண்டாம், பருத்தி கட்டி முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

கையில் மெழுகு கொட்டிவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள், தோலோடு வரும். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

உருக்கிய மெழுகு தாளின் மேல் தடிமனாக நிற்கும். வண்ணம் பூசிக் காய்ந்ததும் அதை எடுக்க வேண்டும். அட்டைக்கு மேலும் கீழும் எழுதாத வெள்ளைத் தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஒற்றினால் மெழுகு அந்தத் தாளுக்கு ஏறிவிடும். தாளை மாற்றி மாற்றி, இனி எண்ணெய்க் கறை வரவில்லை என்று ஆகும் வரை செய்யுங்கள். செய்தித்தாள் வைத்தால் சூட்டில் அச்சு மை அட்டைக்கு ஏறிவிடும். எங்கள் முதல் தொகுதி அட்டை ஒன்றில் வேலைவாய்ப்பு விளம்பரமே தலைகீழாக விழுந்திருந்தது.

உள்ளே எழுத முடியுமா?

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வாங்கியவர் ஒருவர்தான் சொன்னார்: "அட்டை நல்லா இருக்கு, ஆனா உள்ள பேர் எழுதப் போனா பேனா வழுக்குதே!" உருக்கிய மெழுகு தாளின் மறுபக்கம் வரை ஊறியிருந்தது. மெழுகு பட்ட இடத்தில் பால்பாயின்ட் பேனா எழுதாது, பசையும் ஒட்டாது. எனவே அட்டைக்குள் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை மடித்து வைத்து, மடிப்பில் நூலால் கட்டிவிடுங்கள். நூல் குஞ்சம் தொங்கினால் அதுவே ஒரு அழகு.

அளவை இஷ்டத்துக்கு வெட்டாதீர்கள். முதலில் கடையில் எந்த அளவு கவர் கிடைக்கிறது என்று பார்த்து, அதற்குள் போகிற மாதிரி அட்டையை வெட்டுங்கள். அட்டையை முதலில் செய்துவிட்டுக் கவர் தேடி அலைந்த குழுக்கள் இருக்கின்றன. 22க்கு 28 அங்குலத் தாளில் 11க்கு 7 அங்குலமாக வெட்டினால் துண்டு மிச்சமில்லாமல் எட்டு அட்டை வரும். மடித்தால் ஐந்தரைக்கு ஏழு. 220 ஜி.எஸ்.எம். தாளில் அப்படி ஒரு அட்டை சுமார் 11 கிராம், கவரோடு சேர்த்தால் 17 கிராம் பக்கம். தபாலில் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம் என்பதால் உள்தாள் மெல்லியதாக இருந்தால் அதற்குள் அடங்கும். 300 ஜி.எஸ்.எம். அட்டை என்றால் கவரோடு 20ஐத் தாண்டிவிடும், கூடுதலாகத் தபால்தலை ஒட்ட வேண்டும். தபாலாபீஸ் தராசில் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இருநூறு அட்டையின் கதை

இப்போது நாங்கள் சுட்டுக்கொண்ட கதை. பயிற்சி முடித்த ஒரு குழுவுக்கு டவுனில் ஒரு கடையில் இருந்து ஆர்டர் வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு 200 அட்டை, ஒன்று 15 ரூபாய். ஒரு அட்டைக்குச் சாமான் செலவு 11 ரூபாய் என்று குழுவே கணக்குப் போட்டு வைத்திருந்தது. தாள் 5, கவர் 3, உள்தாள், வண்ணம், மேலே போடும் கண்ணாடிக் கவர் தலா 1. "அட்டைக்கு நாலு ரூபா லாபம், 200க்கு 800 ரூபா" என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். "எடுங்க அக்கா, முதல் ஆர்டர் விடக் கூடாது" என்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

ஐந்து பேர் பங்குனி மாதம் முழுக்கச் செய்தார்கள். அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தோம். மேலே கனமும் வைத்தோம், நெளியக் கூடாது என்று. அந்த வெயிலுக்கு மெழுகு உருக வேண்டியதில்லை, இளகினாலே போதும். கடையில் பிரித்தபோது நாற்பது அட்டை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வண்ணம் உரிந்து வந்தது. கடைக்காரர் அந்த நாற்பதைத் திருப்பிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

வந்த பணம் 160 அட்டைக்கு 2,400 ரூபாய். சாமான் செலவு 200 அட்டைக்கு 2,200. மிச்சம் 200 ரூபாய், ஆளுக்கு 40. ஒரு அட்டைக்குச் சராசரியாக இருபது நிமிஷம் ஆகியிருந்தது. 200 அட்டைக்கு கிட்டத்தட்ட 67 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்கு மூன்று ரூபாய்! சரி, ஒட்டாமல் இருந்திருந்தால்? 800 ரூபாய்தான், மணிக்கு 12 ரூபாய். களை எடுக்கப் போயிருந்தால்கூட அதைவிடக் கூடுதல் கிடைத்திருக்கும். ஆக மெழுகு ஒட்டியதால் வந்த நஷ்டத்தைவிட, நம் கை வேலைக்கு விலையே போடாமல் ஆர்டர் எடுத்தது பெரிய நஷ்டம். அந்த ஐந்து பேரில் ஒரு அக்கா கேட்டார்: "அப்ப நாலு ரூபா லாபம்னு சொன்னது எங்க கூலிதானா?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கணக்கை இப்படிப் போட்டிருக்க வேண்டும். உங்கள் ஊர் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே ஒரு மாதிரிக்கு மணிக்கு 40 ரூபாய் கூலி என்று வைக்கிறோம். இருபது நிமிஷத்துக்கு 13 ரூபாய் சொச்சம். சாமான் 11. ஆக 24 சொச்சம். பத்து செய்தால் ஒன்று கெடும், அந்தச் செலவையும் நல்ல ஒன்பது அட்டைதான் சுமக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு அட்டையின் அடக்கம் 27 ரூபாய். கடைக்காரர் 100க்கு 30 எடுத்துக்கொண்டால், அட்டை மேல் 40 ரூபாய் என்று விலை போட்டால்தான் நம் கைக்கு 28 வரும். பதினைந்துக்குக் கேட்கிறவரிடம் "கட்டுப்படி ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு அதே குழு ஒரு மாற்றம் செய்தது, யோசனை அவர்களுடையதுதான். எட்டு அட்டையாக வெட்டிய பிறகு கோலம் போடாமல், பெரிய தாளிலேயே மெழுகு போட்டு, ஒரே பூச்சில் வண்ணம் அடித்து, காய்ந்த பிறகு வெட்டினார்கள். ஒவ்வொரு அட்டையிலும் கோலத்தின் ஒவ்வொரு துண்டு வந்தது, ஒன்று போல ஒன்று இல்லை. நேரம் பன்னிரண்டு நிமிஷமாகக் குறைந்தது. கூலி 8, சாமான் 11, கழிவையும் சேர்த்தால் அடக்கம் 21. அதே நாற்பது ரூபாய் அட்டையில் இப்போது கூலி போக ஏழு ரூபாய் நிற்கிறது. சேமித்து வைக்கும்போது ஒவ்வொரு அட்டைக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, படுக்க வைக்காமல் டப்பாவில் நிறுத்தி, ஓட்டு வீட்டில் தரையோரம் குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறார்கள். வெயில் மாதங்களில் உருக்கிய மெழுகு அட்டை செய்வதே இல்லை.

யார் வாங்குகிறார்கள்?

ஒரு காலத்தில் பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்பே கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டை தொங்கவிடுவார்கள். பிள்ளைகள் சேர்த்து வைத்த காசுக்கு வாங்கி அனுப்புவார்கள். இப்போது வாழ்த்து போனிலேயே வந்துவிடுகிறது, காசும் இல்லை. அதனால் பண்டிகை அட்டையை நூற்றுக்கணக்கில் செய்து வைத்துக்கொண்டு ஆள் தேடுவது இனி சரிப்படாது. கையில் நேராகக் கொடுக்கும் அட்டைதான் போகிறது: ரிட்டயர் ஆகும் டீச்சருக்கு, வளைகாப்புக்கு, புதுமனை புகுவிழாவுக்கு, பரிசுப் பொருளோடு வைக்க. பெயரை மெழுகிலேயே எழுதித் தருகிறோம் என்றால் நாற்பது ரூபாய்க்கு யாரும் பேரம் பேசுவதில்லை. வெட்டில் கெட்டுப்போன அட்டையைத் தூக்கிப் போடாமல், நல்ல பகுதியை மூன்று அங்குலத் துண்டாக வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்தால் பரிசுப் பெட்டியில் கட்டும் பெயர்ச்சீட்டு ஆகும். கண்காட்சியில் முதலில் தீர்ந்தது அதுதான்.

கல்லூரிச் சந்தை நடக்கும்போது மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டு ஒரு மேசை வாங்குங்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் பூமாலை வளாகத்திலும் விசாரியுங்கள். கல்லூரிப் பிள்ளைகள்தான் இந்த மாதிரி அட்டையை நின்று பார்க்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு தாளில் வண்ணம் பூசிக் கோலம் எழுந்து வருவதைக் காட்டினால் இன்னும் நன்றாக விற்கும்.

இது குடும்பம் நடத்துகிற தொழில் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேலை இல்லாத நாளில், ஆர்டர் கையில் இருக்கும்போது செய்கிற வேலை. இதற்கென்று சங்கத்தில் கடன் போடாதீர்கள். ஆடு வாங்க, தையல் மெஷின் வாங்க என்று தீர்மானம் வந்தால் சேர்ந்து பேசுவோம். அட்டைக்குக் கடன் என்று வந்தால் "முதலில் இருபது அட்டை விற்றுக் காட்டுங்க" என்றுதான் சொல்வோம். ஆர்டர் எடுத்தால் பாதிப் பணம் முன்பணமாக வாங்கி, அதில் சாமான் வாங்குங்கள். யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பணம் வந்ததும் சமமாகப் பிரிக்காமல் அந்த நோட்டைப் பார்த்துப் பிரியுங்கள். பாதி நாள் வராதவருக்கும் சம பங்கு கொடுத்ததில்தான் இரண்டு குழுவில் சண்டை வந்தது.

ஆர்வம் இருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, ஒரு துண்டு மெழுகுவர்த்தியும், ஒரு கிண்ணமும், பழைய துணியும் எடுத்து வாருங்கள். தாளும் வண்ணமும் நாங்கள் கொண்டு வருகிறோம். அச்சு முறுக்கு அச்சு வேண்டாதது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், மாமியாரிடம் கேட்டுவிட்டு!